தலைவரின் கால்

கறுப்பங்காடு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயத்தில் பீலித் தண்ணீர் காலையில் செம்மண் நிறத்தில் வந்தது. மத்தியானம் அடியோடு நின்றுபோயிற்று. நாட்கணக்காகப் பெய்யும் மழையில் மலையே ஒழுகிக்கொண்டிருக்கும்போது, குழாய் வைத்து இறக்கிய அந்த ஊற்று மட்டும் எப்படி வற்றும்? பிள்ளைமடுவத்துக்குத் தண்ணீர் பிடிக்க வெறும் குடத்தோடு வந்து நின்ற யூஜினா மலையை அண்ணாந்து பார்த்தாள்.

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு அவள் லயத்துக்குப் பின்னால் ஏறிப் பார்த்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிலம் வாய் திறந்திருந்தது. ஒரு கையை முழங்கை வரை உள்ளே விடலாம். வெடிப்புக்குக் கீழே இருந்த ஒரு நிரைச் செடிகள் முழுவதும் முழங்கால் அளவுக்கு இறங்கி, ஒன்றும் நடக்காததுபோலப் பச்சையாக நின்றன. அதற்கு நேர் கீழேதான் லயம். வரிசையாக ஒட்டிக்கிடந்த அந்த அறைகளின் தகரக் கூரைகளிலிருந்து அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

யூஜினா அந்தத் தோட்டத்தின் பிள்ளைமடுவத்தைப் பார்த்துக்கொள்பவள். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுச் செல்வார்கள். அதனால் எல்லோருக்கும் அவள் டீச்சர். ஓடைக்கு அக்கரையில் இருக்கும் கீழ் லயத்துக்காரி, வேதக்காரி, கல்யாணம் செய்துகொள்ளாதவள். புத்தகம் படிப்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த ஆசை. முன்பு இருந்த ஒரு பாதிரியார் மாற்றலாகிப் போகும்போது ஒரு அலுமாரி நிறையப் புத்தகங்களை மாதா கோயிலில் விட்டுச் சென்றார். கதைப் புத்தகங்கள் அல்ல. வரலாறு, பணத்தை எப்படிக் கையாள்வது, உடம்பை எப்படிப் பேணுவது, நாலு பேரை எப்படி நடத்திச் செல்வது என்று பேசுகிற புத்தகங்கள். அவற்றை அவள் ஒவ்வொன்றாகப் படித்து, சனிக்கிழமை மாலைகளில் கோயில் விறாந்தையில் பெண்களைக் கூட்டிவைத்து, தன் வாயால் சொல்லுவாள். விபூதி பூசும் வீரம்மாவோ செபமாலை உருட்டும் தெரேசாம்மாவோ, எல்லோரும் வருவார்கள். பிளேன்டீயும் பிஸ்கட்டும் உண்டு என்பதும் ஒரு காரணம்.

அந்தப் பாடங்களில் சில பலித்தன, சில பலிக்கவில்லை. சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் கொஞ்சம் எடுத்து ஒதுக்கிவிட வேண்டும் என்று அவள் சொன்னதைக் கேட்டு லோஜினி அரிசி டின்னுக்குள் ஒதுக்கினாள். அவள் புருஷன் சின்னராசா சோறு பொங்கப் போய் அதைக் கண்டுபிடித்து, புத்தகம் எழுதியவருக்கு நன்றி சொன்னான். சீனியைக் குறைக்கச் சொன்ன பாடத்துக்குப் பிறகு லோஜினி வீட்டில் உள்ளங்கைச் சீனியும் நின்றது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பாலில்லாத தேயிலைச் சாயம் குடித்துப் பழகிய சின்னராசா, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் கையுமாக வழியில் யூஜினாவை மறித்தான்.

"டீச்சர், அந்தப் பொத்தகம் எழுதின டாக்டரு மழையில நனஞ்சு மலையில நின்னுட்டு வந்து வெறுஞ்சாயம் குடிச்சுப் பாத்திருக்காரான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

அவளும் சிரித்துவிட்டாள். அவனோடு கோபித்துக்கொள்ள யாராலும் முடியாது.

போன மாதம் அவள் சொன்னது தலைமையைப் பற்றிய பாடம். புத்தகத்தில் பல பக்கங்களுக்கு நீண்டிருந்ததை அவள் தோட்டத்துக்கு ஏற்றபடி சுருக்கினாள். ஒரு தலைவர் வாயால் என்ன சொல்கிறார் என்று பார்க்காதீர்கள், அவர் கால் எங்கே போகிறது என்று பாருங்கள் என்றாள். பெண்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தோட்டத்தில் தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர். மேட்டு லயத்துக்கு வீரய்யாதான் தலைவர். நல்ல மனிதர், பேச்சுக் குறைவு. அவர் கடைக்குப் போனாலும் குளிக்கப் போனாலும், "தலைவர் கால் எங்க போகுது பாரு" என்று பெண்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள்.

வெடிப்பைப் பார்த்துவிட்டு இறங்கிய யூஜினா முதல் கதவிலிருந்து ஆரம்பித்தாள். எதிர்மேட்டில் பாறைமேல் இருக்கும் மாதா கோயிலுக்கு எல்லோரும் போய்விடுவோம், இருட்டுமுன் போய்விடுவோம் என்று கெஞ்சினாள். பீலி நின்றதைச் சொன்னாள். வெடிப்பைச் சொன்னாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், உள்ளே வந்து நனைந்த தலையைத் துடைக்கச் சொன்னார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. முந்தின மழையில் இப்படித்தான் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்ப் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பியபோது மலை அப்படியே இருந்தது, கதவுகள்தான் உடைந்திருந்தன, கோழிகளைக் காணோம்.

வரலாற்றுப் புத்தகத்தில் படித்ததை அவள் சொல்லிப் பார்த்தாள். எத்தனையோ ஊர்களில் மனிதர்கள் பெட்டி படுக்கையை விட மனமில்லாமல்தான் அழிந்தார்கள் என்றாள். மனிதருக்கு வரும் இலாபத்தைவிட இழப்பைக் காட்டினால்தான் உறைக்கும் என்று பணப் புத்தகம் சொன்னது நினைவு வந்து, இழக்கப்போவதை எல்லாம் எடுத்துச் சொன்னாள். லோஜினி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்: இழக்க எங்களிடம் அந்தப் பெட்டியையும் கோழியையும் விட்டால் வேறு என்ன இருக்கிறது டீச்சர்?

"புள்ளைங்க இருக்கு லோஜினி" என்றாள் யூஜினா.

லோஜினி ஊதுவதை நிறுத்தினாள். பிறகு தயக்கத்தோடு சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். தோட்டத்து ஆபீசுலேருந்து கண்டாக்கய்யா ஆள் அனுப்பி, எல்லாரும் கோயிலுக்குப் போங்கன்னு சொல்லிட்டாரு. தலைவரும் கதவு கதவா வந்து சொன்னாரு. ஆனா சொல்லிட்டு அவரு போகலயே. அவரு வீட்டுல ஒரு சட்டி கூட அசையல. பயம் இருந்தா அவரு இருப்பாரா? வாயப் பாக்காதீங்க, காலப் பாருங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

யூஜினா மழைக்குள் இறங்கினாள். அடுத்த கதவிலும் அதையே சொன்னார்கள், அதற்கடுத்த கதவிலும் அதையே. அவள் எத்தனையோ நல்லது சொல்லியிருந்தாள். சுடுதண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தாள், பிள்ளைக்குத் தடுப்பூசி தவறாமல் போடச் சொல்லியிருந்தாள். பாதிக்குமேல் மறந்திருந்தார்கள். ஒரு பாடத்தை மட்டும் முழு லயமும் மனப்பாடம் செய்து வைத்திருந்தது, அதுவே இன்றைக்கு அவர்களை வீட்டுக்குள் உட்கார்த்தி வைத்திருந்தது.

வீரய்யா வீட்டுக்கு ஓடினாள். அவர் வாசலில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழைக்குள் நின்றார். கதவு சாத்தியிருந்தது. அவளை உள்ளே வரச் சொல்லவில்லை. எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே டீச்சர் என்றார் தரையைப் பார்த்து.

"நீங்க போறீங்களா, தலைவரே?"

"நீங்கல்லாம் போங்க. நான் பொறகு வர்றேன்."

"நீங்க போகாம ஒருத்தரும் போகமாட்டாங்க. ஏன்னு கேட்டா சொல்லவும் மாட்டேங்கிறீங்க."

அவர் சாக்கை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு குறுகி நின்றதைப் பார்த்தபோது, அவர் பிடிவாதத்தில் நிற்கவில்லை, வெட்கத்தில் நிற்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வெட்கத்துக்கு இது என்ன நேரம்? கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மேலே எங்கோ ஒரு கல் உருண்டு தேயிலைக்குள் விழும் சத்தம் கேட்டது. லயத்துக் கோடியில் போய் நின்று, மழையோடு மழையாக அழுது, மாதாவே எனக்கு ஒரு வார்த்தை கொடு என்று கேட்டாள். படித்த வார்த்தைகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன.

வார்த்தை வரவில்லை. வாசம்தான் வந்தது. தலைவர் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து நல்லெண்ணெயில் உளுந்தங்களி கிண்டும் வாசம். இந்த மழையில், இந்தக் கஷ்ட காலத்தில், யாருக்கு உளுந்தங்களி? அவள் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். குசினிக் கதவின் குறுக்கே ஒரு உலக்கை கிடந்தது. கூரையில் வேப்பிலை செருகியிருந்தது. ஒரு தட்டும் ஒரு குவளையும் மற்றப் பாத்திரங்களோடு சேராமல் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

யூஜினாவுக்கு எல்லாம் விளங்கிற்று. தலைவரின் மகள் தனுஷிகா பெரிய பிள்ளையாகியிருக்கிறாள்.

தலைவரின் மனைவி ஜீவராணி களிச் சட்டியோடு எட்டிப் பார்த்தாள். யூஜினாவைக் கண்டதும் அவள் முகத்தில் இருந்த பிடிவாதம் அழுகையாக மாறியது. நேற்றுத்தான் என்றாள். அக்கரப்பத்தனையில் இருக்கும் தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பவும் வழியில்லை, பாதை மண் சரிந்து கிடக்கிறது, போனும் எடுக்கவில்லை. தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சில் கட்டி, முதல் தண்ணீர் ஊற்றாமல் பிள்ளையை வாசல் தாண்ட விடுவது எப்படி? அதுவும் இத்தனை ஆம்பிளைகள் கண்ணில் பட, தீட்டோடு, வேறொருவரின் கோயிலுக்குள்?

"எங்க கோயிலா இருந்தாலே கொண்டுபோகக் கூடாது டீச்சர். ஒங்க மாதா கோயிலுக்கு எப்படிக் கொண்டு வருவேன்? அந்தப் பாவம் எம்புள்ள தலையில விடியட்டுமா? அவரு மத்தவங்களப் போகச் சொல்லிட்டாரு. எங்க மூணு பேர மட்டும் விட்டுருங்க."

வேதக்காரர்களின் கோயிலுக்கு அசுத்தம் வந்துவிடக் கூடாதென்று இந்தப் பெண் தன் பிள்ளையோடு மலைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள். யூஜினா கொஞ்சம் பொறு என்று மட்டும் சொல்லிவிட்டு எதிர்மேட்டுக்கு ஓடினாள்.

கோயில் சாவி தெரேசாம்மாவிடம் இருந்தது. தலையில் முக்காடு இல்லாமல் வருகிற பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற கிழவி. பாதிரியார் லிந்துலையில் மாட்டிக்கொண்டிருந்தார், கேட்க வழியில்லை. பூசைக்கு உடுப்பு மாற்றும் சிறிய அறை கோயிலின் பின்பக்கம் தனிக் கதவோடு இருந்தது. அந்த அறை வேண்டும் என்று யூஜினா கேட்டாள். எதற்கு என்பதையும் மறைக்காமல் சொன்னாள். கிழவி இடுப்பிலிருந்து சாவியை உருவினாள்.

"மாதாவுக்குத் தெரியாத தீட்டா?" என்றாள். "அவளும் ஒரு ஏழை வீட்டுல ஒக்காந்து எழும்புன புள்ளதான. நில்லு."

அவள் உள்ளே போய், திருநாளில் மாதா சுரூபத்துக்கு மேல் பிடிக்கிற பெரிய பட்டுக்குடையை எடுத்து வந்தாள். வருஷத்தில் ஒருநாள்தான் அந்தக் குடை வெளியே வரும். அதன் மேல் ஒரு தூசி விழ விடமாட்டாள். அதை மழைக்குள் விரித்துப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் படிகளில் அவளே முன்னால் இறங்கினாள்.

ஜீவராணி அந்தக் குடையைப் பார்த்ததும் களிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள். உலக்கையை எடுத்து ஓரமாக வைத்தாள், களிச் சட்டியை வீரய்யாவின் கையில் கொடுத்தாள். தாய்மாமன் வந்தால் என்ன சொல்வது என்று ஒருமுறை கேட்டாள். உயிரோடு இருக்கிற மருமகளைக் காட்டுவோம் என்றாள் யூஜினா. போர்வைக்குள் சுருண்டு, பயந்துபோன கண்களோடு தனுஷிகா எழுந்து வந்தாள். இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் யூஜினாவும் ஆளுக்கொரு சேலையை விரித்து மறைப்புப் பிடிக்க, மேலே பட்டுக்குடை. தெரேசாம்மா தன்னையறியாமல் திருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலத்தின் வேகத்திலேயே நடந்தாள். வீரய்யா வெட்கத்தை விட்டுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் போய் வழியில் கிடந்த கற்களைக் காலால் தள்ளிக்கொண்டே நடந்தார்.

லயத்துக் கதவுகள் திறந்தன. தலைவர் போகிறார், அவர் வீட்டுப் பெண்கள் போகிறார்கள், மாதா குடை போகிறது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. லோஜினி அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கினாள். வீரம்மா தன் மாமனாரை முதுகில் சுமந்து வந்தாள். பிள்ளைகளின் அழுகையும் பானை உருளும் சத்தமுமாக முழு லயமும் அந்தக் குடைக்குப் பின்னால் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்மேட்டில் ஏறியது.

எல்லோரும் கோயிலுக்குள் வந்துவிட்டார்கள் என்று யூஜினா மூச்சு விட்ட நேரத்தில்தான் மாடுகள் கத்தத் தொடங்கின. லயத்துக்குக் கீழே, பட்டியில், அவசரத்தில் எல்லோரும் கட்டியபடியே விட்டுவந்த மாடுகள். அவை கத்திய விதம் வழக்கமான விதமாக இல்லை. சின்னராசா தன் சின்ன மகளை லோஜினியின் மடியில் இறக்கிவிட்டு, கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகினான். யூஜினா வாசலில் கைகளை விரித்து மறித்தாள்.

"போகாதீங்க. ஒங்களக் கும்பிடுறேன்."

"வாயில்லாத சீவன் டீச்சர். அது யாரு காலப் பாத்து நடக்கும்? கயித்த அறுத்து விட்டுட்டு ஓடி வந்துர்றேன். பிளேன்டீ போட்டு வைங்க, இன்னைக்கு மட்டும் சீனியோட."

அவள் கைக்குக் கீழே குனிந்து போய்விட்டான். அவள் பின்னால் ஓடினாள். ஓடையடியில் வழுக்கி விழுந்தாள். எழுந்து பார்த்தபோது மங்கிய வெளிச்சத்தில் முதலில் ஒரு மாடு, பிறகு இரண்டு, பிறகு கூட்டமாக, கழுத்தில் அறுந்த கயிறு தொங்கத் தேயிலைக்குள் பாய்ந்து வந்தன. அவற்றுக்குப் பின்னால் அவன் வருவான் என்று பார்த்தாள். மலை வந்தது. இடி மாதிரி இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அது லொறி கல்லைக் கொட்டுவது மாதிரி, நிதானமாக, நெடுநேரம் கொட்டியது. அடங்கியபோது லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. பட்டியும் இல்லை.

மறுநாள் மத்தியானம்தான் சின்னராசாவைக் கண்டெடுத்தார்கள். அதுவரை லோஜினி ஓடைக்கரையில், மழைக்குள், யார் கூப்பிட்டும் வராமல் நின்றாள். யூஜினாவும் கூட நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று மனம் தேடிக்கொண்டே இருந்தது. அந்த அலுமாரி முழுவதிலும் இதற்கு ஒரு வரி இல்லை. லோஜினியின் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான் அவளால் முடிந்தது. கை விறைத்துப்போயிருந்தது.

அவனைக் கோயில் விறாந்தையில் கிடத்தினார்கள். லோஜினியைத் தாங்கி உள்ளே கொண்டுவந்தபோது அவளுக்குப் பற்கள் கிட்டித்து உடம்பு தூக்கிப்போட்டது. கோயில் மண்டபம் முழுவதும் ஈரம். கதவு இடுக்குகளில் காற்று. தணல் சட்டியின் சூடும் காய்ந்த பாயும் இருந்த ஒரே இடம் அந்தப் பின்னறை. எல்லோருக்கும் அது தெரியும், யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. புதிதாக உட்கார்ந்த பிள்ளை இருக்கிற இடம் அது. அப்போதுதான் தாலி இழந்தவள் அந்தப் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. இழவுத் தீட்டும் இந்தத் தீட்டும் ஒரு கூரைக்குக் கீழே சேரக்கூடாது. அதைக் கேட்க யூஜினாவுக்கே வாய் வரவில்லை. ஒரு தாயிடம் எப்படிக் கேட்பது? கிழவிகள் குசுகுசுத்தார்கள். லோஜினியும் அதை அறிந்தவள்தானே. நடுங்கிக்கொண்டே தூணுக்குப் பின்னால் போய், முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

பின்னறைக் கதவு திறந்தது. ஜீவராணி நின்றாள். கையில் களிக் கிண்ணம்.

"வா லோஜினி. உள்ள சூடா இருக்கு."

வீரம்மா பதறினாள். "என்னடி செய்யிற? நல்லது நடக்கிற எடம்டி. புள்ளைக்கு ஆகாது."

"நேத்து அவரு கயித்த அறுக்கயில எது யாரு மாடுன்னு பாக்கல அக்கா." ஜீவராணி கிண்ணத்தை உள்ளே வைத்தாள். "இந்தக் குளுருல இவள வெளிய வச்சாத்தான் எம்புள்ளைக்கு ஆகாது."

அவளே போய்த் தூணுக்குப் பின்னாலிருந்து லோஜினியைத் தூக்கினாள். ஈரச் சேலையோடு அணைத்துக்கொண்டு நடத்தினாள். லோஜினி வாசற்படியில் கால்களை ஊன்றிக்கொண்டு, முகத்தைத் திறக்காமல், வேணாங்க்கா, பாப்பா பாத்துரும், வேணாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து தனுஷிகா எழுந்து வந்தாள். முந்தாநாளிலிருந்து யார் முன்னாலும் நிமிராத பிள்ளை, லோஜினியின் முகத்திலிருந்து சேலையைத் தன் கையாலேயே விலக்கினாள். தன் போர்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினாள். பாயில் பாதியை விட்டுச் சுவர் ஓரமாக நகர்ந்துகொண்டாள்.

ஜீவராணி களியை ஒரு விரலால் எடுத்து லோஜினியின் உதட்டில் வைத்தாள். வெகுநேரம் கழித்து அந்த வாய் திறந்தது. தெரேசாம்மா சுவர் பக்கம் திரும்பிச் செபமாலையை உருட்டத் தொடங்கினாள். விறாந்தையில் வீரய்யா சின்னராசாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவன் பாதங்களில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

யூஜினா தணல் சட்டியை லோஜினி பக்கம் தள்ளி வைத்தாள். லோஜினியின் சின்ன மகளையும் தூக்கி வந்து அம்மாவின் மடியில் விட்டாள். பிறகு, காற்று உள்ளே போகாதபடி, கதவைச் சாத்தினாள்.